இளையோர் உள்ளமும் இடைநின்று உரைப்பாரும்

மக்களின் மனநலம் பேணுதல் பெற்றோர் கடன் என்பது இக்காலத்து உளநூலார் புதுவதாகக் கண்ட கொள்கை எனப் பலரும் கருதுவர். 'மனநலம்' என இன்று நாம் வழங்கும் குறியீடு புதிது. அது சுட்டும் கவலை மிகப் பழையது. வளரும் மகனோ மகளோ உள்ளத்தே கொண்ட துயரும் விழைவும் பெற்றோர்க்குத் தெரியாதிருத்தலும், தெரிந்தபோதும் பிறிதொன்றாகப் பொருள் கொள்ளப்படுதலும் எல்லாக் காலத்தும் நிகழ்ந்தனவே. அவ்வுள்ளம் பெற்றோரைச் சென்று சேர்வதற்கு நம் முன்னோரிடையே என்ன வழி இருந்தது என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள். இதற்குச் சான்றாக இரண்டனைக் கொள்வாம். ஒன்று சங்க அகப்பாடல்களில் வரும் அறத்தொடு நிலை. மற்றொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இளமை கழித்தோர் எழுதிவைத்த தன்வரலாறுகள். இரண்டற்கும் இடைப்பட்ட காலம் நெடிது. ஆயினும் ஒன்றன் ஒளியில் மற்றொன்றை நோக்கும்போது, தனித்தனியே நோக்குங்கால் புலனாகாத ஒன்று புலனாகின்றது.

மக்களைப் பற்றித் தமிழிலக்கியம் பேசியது சிறிதன்று. திருக்குறளில் மக்கட்பேறு என ஓர் அதிகாரமே உண்டு. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188-ஆம் பாட்டை அறியாத தமிழ் மாணவர் இலர். பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாக வகுத்துப் பாடுகின்றது. ஆனால் இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்ப்பின், பாடப்படுவது பெரும்பாலும் குழந்தையால் பெற்றோர் எய்தும் இன்பமே என்பது விளங்கும். குழந்தையின் மெய் தீண்டலும் மழலையும் பெற்றோர்க்கு இனிமை தருகின்றன. குழந்தைக்கு எது இனிது என அங்கே எவரும் வினவவில்லை. பிள்ளைத்தமிழிலோ பாட்டுடைத் தலைவராகிய குழந்தை வாய் திறப்பதே இல்லை. கடமைகளைப் பங்கிட்டுக் கூறும் பொன்முடியாரின் புறப்பாட்டு (312) தாய்க்குப் பெற்று வளர்த்தலையும் தந்தைக்குச் சான்றோன் ஆக்குதலையும் உரியன என்கின்றது. ஆக்கப்படுவோன் உள்ளம் எத்தகையது என்பது அப்பாட்டின் பொருளன்று. மறக்குடி மரபில் அவ்வினாவிற்கு இடமில்லை எனலாம்.

அவ்வினாவிற்கு இடங்கொடுத்தது அகத்திணையே. களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்த தலைவி உணவு வெறுத்து, உறக்கம் இழந்து, மேனி வேறுபடுகின்றாள். தாய் அவ்வேறுபாட்டைக் காண்கின்றாள், காரணம் அறியாள். அறியாமையால் கட்டுவிச்சியை அழைத்துக் கட்டுப் பார்க்கின்றாள். முருகு அணங்கிற்று என்று கேட்டு, வேலனைக் கூவி வெறியாட்டு அயர்கின்றாள். மகளின் மனநோய் தெய்வக் குற்றமாகப் பொருள் கொள்ளப்படுகின்றது. தாயின் அன்பில் குறையில்லை. ஆட்டுக்குட்டி அறுக்கவும் களம் இழைக்கவும் பொருளைச் செலவிடத் தயங்காத அன்பே அது. குறை அறிவில்தான் உள்ளது. அகநானூற்று 22-ஆம் பாட்டில் வெறிபாடிய காமக்கண்ணியார் இந்நிலையை நுட்பமாகக் காட்டுகின்றார். வெறியாட்டு நிகழ்ந்த அவ்விரவில் தலைவன் வந்து சேர, தலைவியின் நோய் தீர்கின்றது. தீர்த்தது எது என்பதைத் தலைவி அறிவாள், இல்லத்தார் அறியார். நற்றிணை 34-இல் தோழி, உண்மை அறிந்தும் வேலன் வேண்ட வெறிக்களத்திற்கு வந்த முருகக் கடவுளையே அறியாமை உடையை என இடித்துரைக்கின்றாள். தாயைக் கடிய முடியாதவள் தெய்வத்தைக் கடிந்தாள் என்று இதற்குப் பொருள் கொள்ளின் பிழையாகாது.

இத்தவறு நீங்குதற்குப் பண்டையோர் வகுத்த வழியே அறத்தொடு நிலை. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையை உணர்த்துதல் இதன் முறை. இவ்வாறு உணர்த்தும் திறத்தைத் தொல்காப்பியப் பொருளியல் எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல் முதலாக ஏழு வகைப்படுத்துகின்றது. உரையாசிரியர்கள் இதனை இலக்கியத் துறையாக விளக்கிச் சென்றனர். அஃது அவர்க்கு அமையும். நம் நோக்கிற்கு இதிற் சிறப்பாகக் கருதத்தக்கது, மகள் தன் உள்ளத்தைத் தாயிடம் நேரே கூறக் கடமைப்பட்டவள் அல்லள் என்பதாம். பெண்மைக்குரிய நாணம் அதனைத் தடுக்கின்றது எனக் கூறி அமைவது எளிது. அச்சமும் தடுக்கின்றது, தன்னையர் சினம் எத்தகையது என்பதை அகப்பாடல்கள் மறைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும், கேட்போரின் இயல்பறிந்து, சினவாதவாறு சொல்லத்தக்க ஒருவர் இடைநின்றார். தோழி தலைவியின் ஒத்த பருவத்தாள். செவிலி அத்தோழியின் தாய். எனவே இளையோரிடமிருந்து மூத்தோர்க்குச் செய்தி கடக்கும் இடம் தோழிக்கும் அவளைப் பெற்ற தாய்க்கும் இடைப்பட்ட இடமாகவே அமைகின்றது. மிக அரிய ஏற்பாடு இது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இத்துறை ஒன்றன்மேல் எழுந்ததே. 261 அடிகளில் தோழி செவிலியிடம் பேசுகின்றாள். எடுத்த எடுப்பில் காதலைக் கூறிவிடவில்லை. மகளின் நோய் கண்டு செவிலி பட்ட துன்பத்தையும், காரணம் வினவியும் தெய்வம் பரவியும் அவள் அலைந்ததையும் முதற்கண் ஏற்றுக்கொண்டு, அதன்பின்னரே தினைப்புனத்தில் நிகழ்ந்ததைச் சொல்லத் தொடங்குகின்றாள். பெற்றோரின் துயரையும் துயர் என ஒப்பியபின் இளையோர் துயரைக் கூறுதல் எத்துணைப் பயன்தரும் என்பதை இளையோர்க்கும் பெற்றோர்க்கும் இடையே பேசிப் பழகியோர் அறிவர். அருவியும் சுனையும் பூக்களின் நீண்ட நிரலும் அப்பேச்சில் வருவனவற்றை வருணனை மிகை என்பாரும் உளர். எமக்கோ அவை செவிலியின் சினம் ஆறுதற்குக் கொடுக்கப்பட்ட காலமாகத் தோன்றுகின்றன.

இது புலனெறி வழக்கம். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் விரவியது. ஆதலால் அக்காலத்து ஒவ்வோர் இல்லத்தும் இவ்வாறு நிகழ்ந்தது எனத் துணிதல் பொருந்தாது. ஆயினும் உலகியலில் வேர் இல்லாத வழக்கினைப் புலவர் பலர் பலகாலும் பாடியிரார். இங்கு ஒன்று சுட்டவேண்டும். மகளுக்கு வகுத்த இந்நெறி மகனுக்கு வகுக்கப்படவில்லை. தலைவனின் வேறுபாட்டைக் காண்போன் பாங்கன். அவன் கழறுவான், பின்னர்த் துணைநிற்பான். ஆனால் தலைவனின் தாய்தந்தையரிடம் சென்று உரைப்பவன் அல்லன். வேட்கை மிக்க தலைவன் மடலேறுவேன் என்கின்றான். அவன் துயர் பெற்றோரிடம் செல்லாமல் தெருவிற்குச் செல்கின்றது.

மகன் தன் உள்ளத்தைத் தானே எழுத்தில் வைத்ததைக் காண நாம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியுள்ளது. தன்வரலாறு என்னும் இலக்கிய வகை தமிழில் வேரூன்றிய பின்னரே, பெற்றோர் செய்தவற்றை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பது மக்கள் வாய்மொழியாகவே கிடைக்கலாயிற்று. அவ்வரலாறுகள் காட்டும் இளமைச் சூழல் கடுமையானது. திண்ணைப் பள்ளியில் குட்டும் பிரம்படியும் கோதண்டமும் அன்றாட நிகழ்ச்சிகள். பிள்ளையை ஆசானிடம் விடும் தந்தை, கண்ணை மட்டும் விட்டுத் தோலை உரிக்குமாறு கூறிச் செல்வது வழக்காறாகவே இருந்தது. அவ்வாறு கூறியோர் அன்பில்லாதவர் என்று கொள்ளுதல் வரலாற்று நோக்காகாது. வெறியாட்டு அயர்ந்த தாயைப்போல், அவரும் தம் காலம் காட்டிய வழியில் மக்களின் நலம் நாடினர்.

இச்சூழலில் வளர்ந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942). அவர்தம் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, அவர் மறைவால் முற்றுப்பெறாது நின்று, 1950-இல் நூலாயிற்று. பழந்தமிழ்ச் சுவடிகளின் வரலாற்றுக்காகவும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் கூட்டத்தைப் பற்றிய செய்திகளுக்காகவும் அறிஞர் அதனைப் போற்றிப் பயில்வர். அதனுள் ஒரு தந்தையின் வரலாறும் அடங்கியுள்ளது. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் பல்லாண்டு உடனுறைந்து பயின்றவர். இராமாயணக் கதை கூறி ஊரார் அளிக்கும் பொருளால் குடும்பம் நடத்தியவர். தம் மகனும் இசையில் வல்லவன் ஆதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் உள்ளமோ தமிழில் தோய்ந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடம் பெற்ற தமிழ்ச்சுவை அவரை விட்டு நீங்கவில்லை.

வேங்கடசுப்பையர் மேற்கொண்ட செயல் ஊர்விட்டு ஊர் பெயர்தல். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் எனத் தமிழ் கற்பிப்பார் கிடைக்கும் இடந்தோறும் குடும்பம் சென்று தங்கிற்று. ஆங்காங்கே கதை சொல்லி அவர் பொருள் ஈட்டினார். மகன் ஆங்காங்கே பாடம் கேட்டார். நிலையான வருவாய் இல்லாத ஒரு குடும்பத்தில், 1868-இல் நடந்த மகனின் திருமணச் செலவும் சேர்ந்த நிலையில், இஃது எளிய செயலன்று. மகனின் விழைவைத் தந்தை சொல்லால் பாராட்டினார் என்பதைக் காட்டிலும், அதற்காகத் தம் வாழ்விடத்தையே பலமுறை மாற்றிக்கொண்டார் என்பதே அவ்வரலாற்றில் நம் நெஞ்சில் நிற்பது. ஊர்தோறும் ஓர் ஆசிரியர் வாய்த்தார் என்பது மட்டும் அன்று. அவ்வாசிரியர் ஒவ்வொருவரும் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நின்று, மகனின் தகுதி இஃது எனத் தந்தைக்கு எடுத்துக்காட்டினர். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் தாம் கற்பிக்கக்கூடியதைக் கற்பித்தபின், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று கற்பதே தக்கது என எடுத்துரைத்தார். தம் மாணவனைத் தம்மினும் மிக்காரிடம் செலுத்தும் ஆசிரியர் எக்காலத்தும் சிலரே. அகத்துறைச் சொல்லால் கூறின், ரெட்டியார் அறத்தொடு நின்றார்.

1871-இல், பதினேழாம் ஆண்டு நடக்கும் மகனை அழைத்துக்கொண்டு வேங்கடசுப்பையர் மாயூரம் சென்ற பகுதி அந்நூலில் மீண்டும் மீண்டும் படிக்கத்தக்கது. பிள்ளையவர்கள் உடனே உடன்படவில்லை. பாடம் கேட்க வருவோர் பலர் சில நாளில் நீங்கிவிடுதலை அறிந்தவர் அவர். உணவிற்கு என் செய்வது என்ற வினாவும் எழுந்தது. அச்செலவைத் தாமே ஏற்பதாகத் தந்தையார் உரைத்து, மகனை அவரிடம் ஒப்புவித்தார். அவ்வூரில் அப்போது வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகன் இசையும் பயிலவேண்டும் என்னும் ஆசை தந்தையாரை விட்டு அகலவில்லை. மகன் பயிலவும் தொடங்கினார். பிள்ளையவர்கள் அதனை விரும்பாமை தெரிந்தபோது இசைப்பயிற்சி நின்றது. ஒரு வரியில் கடந்து செல்லக்கூடிய நிகழ்ச்சி இது. ஆனால் அத்தந்தையின் வாழ்வு முழுவதும் இசை என்பதை நினைப்பின், மகன் கைவிட்டது ஒரு பாடத்தை அன்று, தந்தை தன்னிடம் உயர்வாகக் கருதிய அனைத்தையும் என்பது விளங்கும். அதன்பின்னும் மகனுக்கு அவர் அளித்த துணை குறையவில்லை. சாமிநாதையர் தம் முதுமையில் கனம் கிருஷ்ணையருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் தனித்தனி வரலாற்று நூல் எழுதினார். தந்தைக்கு அவர் செலுத்திய கடன் அதுவென்று கொள்ளலாம்.

இதனொடு ஒப்புநோக்க வேண்டியது சுப்பிரமணிய பாரதியாரின் 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாட்டு. 1910-இல் வெளிவந்தது. பாரதியார் 1882-இல் பிறந்தார். ஐந்தாம் வயதில், 1887-இல், தாயை இழந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர் கணக்கிலும் எந்திரக் கலையிலும் ஈடுபாடு மிக்கவர்; எட்டயபுரத்தில் பஞ்சாலைத் தொழில் தொடங்கிப் பெரும்பொருள் இழந்தவர். மகன் ஆங்கிலக் கல்வி பெற்று உயர்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதில் தவறு காண்பதற்கில்லை; அக்காலத்து எத்தனையோ தந்தையர் கருதியதே அது. மகன் அதனை எவ்வாறு உணர்ந்தார் என்பதைப் பாட்டு கூறுகின்றது. தம்மையொத்த சிறுவர் ஓடியும் மரமேறியும் விளையாடத் தாம் தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தெருவிளையாட்டில் சேராது நூல்களொடு தனித்திருந்து வருந்தியதாக அவர் உரைக்கின்றார். திருநெல்வேலியில் பயின்ற ஆங்கிலக் கல்வியைப் பற்றி அவர் கூறுவன இன்னும் கடியவை. தந்தைக்குப் பொருட்செலவும் தமக்குத் தீமையுமே அதன் விளைவு எனக் கணக்கிடுகின்றார். கணக்கு வேண்டிய தந்தைக்கு மகன் காட்டிய கணக்கு அது!

அப்பாட்டில் இடைநின்று உரைப்பார் எவரும் இலர். தாய் இல்லை, இல்லத்தில் இருந்த பிற மூத்தோருள் ஒருவரேனும் மகன் உள்ளத்தைத் தந்தைக்கு எடுத்துரைத்ததாகப் பாட்டில் குறிப்பில்லை. நாவலர் சோமசுந்தர பாரதியார் இளமைத் தோழர் அல்லரோ என ஒரு வினா எழலாம். தோழரே, ஆயினும் அவரும் சிறுவர், தந்தையிடம் சென்று பேசும் நிலையினர் அல்லர். தலைவிக்குத் தோழி வாய்த்தாள், அத்தோழிக்கு ஒரு தாய் வாய்த்தாள். பாரதியாருக்கு வாய்த்த தோழர்க்குப் பின்னே செவிலி இல்லை. 1897-இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது பதினான்கு, மணமகள் செல்லம்மாளுக்கு ஏழு. முன்னரே தம் உள்ளத்தில் ஒரு பிள்ளைக் காதல் குடிகொண்டிருந்ததையும், அது பற்றி யாரிடமும் கூறாது மணத்தை ஒரு விளையாட்டெனக் கொண்டு நின்றதையும் அதே பாட்டில் கூறுகின்றார். மறுத்துப் பேசினார் என்றில்லை. மறுக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. அவ்வாண்டிலேயே எட்டயபுர மன்னர்க்குக் கல்வியுதவி வேண்டிச் செய்யுள் விண்ணப்பம் ஒன்று எழுதினார். மகனின் குறை தந்தையிடம் செல்லாது அரண்மனைக்குச் செல்கின்றது. மடலேறும் தலைவனை இவ்விடத்து நினையாமல் இருக்க இயலவில்லை.

1898-இல் தந்தையார் இறந்தார். அவர் வறுமையுற்ற வரலாற்றைப் பாடுங்கால் பாரதியாரின் குரலில் இகழ்ச்சி இல்லை. தொழிலில் வஞ்சிக்கப்பட்ட ஒரு மனிதரின்பால் எழும் இரக்கமே உள்ளது. அஃது அவருயிரோடு இருந்தபோது பேசப்பட்டிருக்குமாயின் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது வரலாற்றாசிரியன் விடை கூறத்தக்க வினாவன்று. பிற்காலத்து அவர் பாடிய பாப்பாப் பாட்டு குழந்தையை விளையாட ஏவுவதில் தொடங்குகின்றது என்பதும், அதனுள் குழந்தையின் நாள்முறையில் மாலைப்பொழுது முழுவதும் விளையாட்டிற்கே ஒதுக்கப்பட்டது என்பதும் மட்டும் இங்குக் குறிக்கத்தக்கன.

இவ்விரு சான்றுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் கூடாது. சாமிநாதையர் எண்பத்தைந்து வயதில், புகழின் உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கின்றார். பாரதியார் இருபத்தேழு வயதில், புதுச்சேரியில் வறுமையும் ஒற்றர் தொல்லையும் சூழ இருந்து பார்க்கின்றார். முதுமை தந்தையரை மன்னிக்கும் இயல்பிற்று. அன்றியும், தந்தையரால் உள்ளம் முறிந்தோர் பலர் தன்வரலாறு எழுதும் நிலையையே எய்தியிரார். எனவே நம் கையில் உள்ளவை எஞ்சி நின்றோரின் சான்றுகளே. இவ்வெச்சரிக்கைகளை உட்கொண்ட பின்னும் ஒரு வேறுபாடு நிற்கின்றது. கண்டிப்பு இருவர் இல்லத்தும் இருந்தது; இருவர் தந்தையரும் மகனின் நலமே நாடினர்; இருவர்க்கும் இளமையிலேயே மணம் முடிந்தது. ஓரிடத்தில் மகனைப் பற்றித் தந்தைக்குச் சொல்வதற்கு மதிப்பிற்குரிய பிறர் இருந்தனர், தந்தை அவர் சொற்கேட்டார். மற்றோரிடத்தில் அவ்வாறு ஒருவர் இருந்ததைப் பாட்டு காட்டவில்லை.

ஆசிரியரே இடைநிற்போர் ஆவர் என்று பொதுவிதி வகுத்தலும் பொருந்தாது. திரு. வி. கலியாணசுந்தரனார் 1944-இல் வெளியிட்ட 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' இதற்கு மாறான ஒன்றைக் காட்டும். தொடக்கத்தில் தந்தையிடமே கற்று, நோயால் நடை இழந்து, பள்ளிப்படிப்பு இடையறவுபட்டு மீண்டும் பள்ளி சேர்ந்த அவர்க்கு யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை ஆசானாக வாய்த்தார். அவ்வாசான்பால் கொண்ட பற்றினால், 1904-இல் அவர்மேல் நடந்த வழக்கின் பொருட்டு மன்றம் சென்று, தேர்வு எழுதாதுவிட்டார் மாணவர். பள்ளிக்கல்வி அதனோடு முடிந்தது. இங்கே ஆசிரியர் வீட்டிற்கும் இளைஞனுக்கும் இடைநிற்கவில்லை. அவரே இளைஞனின் உலகமாகிவிட்டார்.

மகளிரைப் பற்றிய சான்று மிகக் குறைவு. அகப்பாடல்களில் பேசிய மகள் இக்காலத்துத் தன்வரலாறுகளில் ஏழு வயது மணமகளாய் வாய்பேசாது நிற்கின்றாள். விதிவிலக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் கூறலாம். அவர்தம் தன்வரலாறு ஆங்கிலத்தில் 1964-இல் வெளிவந்தது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவரைப் பருவமெய்தியபின் பள்ளி விடுத்து வீட்டில் வைத்தனர். மணம் முடிக்கத் தாயார் விழைந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயரோ வீட்டிலேயே கல்வி தொடர வழிசெய்து, பின்னர் ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியிலும் மகளைச் சேர்த்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் அவர் பட்டம் பெற்றார். அறத்தொடு நிலையின் முறையில் தந்தை இறுதியாக அறிபவன். மகளிர் மூவரைக் கடந்தே செய்தி அவனை எய்தும். இங்கு வரிசை தலைகீழாகின்றது. மகளின் கல்வி விழைவை முதலில் அறிந்தவர் தந்தையே. தாய்க்கு அதனை எடுத்துரைத்து இடைநிற்க வேண்டியவரும் அவரே ஆயினார்.